நீல நாடா கட்டிய மரங்கள்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து விடாத மழை. கண்டி பஸ் கினிகத்தேனையில் இறக்கிவிட்டபோது பதினொரு மணி. குடையில் ஒரு கம்பி போயிற்று. த்ரீவீலரில் தேயிலைத் தோட்டம். அம்மா இன்னும் கொழுந்து மலையிலிருந்து வரவில்லை. தொழிலாளர் குடியிருப்பு லயத்தில் எங்கள் காம்பராச் சாவி வழக்கம்போல் அம்மிக்கு அடியில்.

மூன்று மாதம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தே கிடந்தாயிற்று. இனி இரண்டு வாரம் இங்கேதான். செய்ய வேண்டியவை:

– நாற்பது மரத்தையும் ஒரு தடவை நானே பார்ப்பது
– நனைந்துபோன படிவங்களைத் திருப்பி எழுதுவது
– அட்டைக் கடிக்குச் சவர்க்காரம், உப்பு
– அம்மாவின் மூக்குக் கண்ணாடி (ஹற்றனில்)

மூன்று மணிக்கு ஓடைக்காட்டுக்கு ஏறினேன். பதினேழாம் மரம். தாழ்ந்த கிளையில் மூன்று கொப்பு இல்லை. பூச்சி தின்றால் இலை ஓட்டை ஓட்டையாக இருக்கும். மரைமான் கடித்தால் நுனி நார்நாராகப் பிய்ந்திருக்கும். இது சாய்வாக, சுத்தமாக, ஒரே இழுப்பில். அரிவாள்.

அந்த வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அட்டை முழங்கால்வரை ஏறியது தெரியவில்லை.

மாலை பேராசிரியர் போன் (இனி பே.). யாழ்ப்பாணத்து மனிதர். நல்லவர், அவசரக்காரர். "உம்மட அட்டவணை வடிவா வந்திருக்கு. பெண் மரம்தான் கூடச் சேதப்படுது எண்டால் அது சின்ன விசயம் இல்லை. இந்த மாதம் இருபதாம் திகதிக்கு முதல் முழுசா அனுப்பும்." சரி சேர், சரி சேர் என்றேன். வெட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அதே நேரம் அம்மா அடுப்படியிலிருந்து ஆட்டைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கையைக் காட்டிச் சும்மா இருக்கச் சொன்னேன்.

ஜூன் 4, புதன்

மழை கொஞ்சம் விட்டது. ஆட்டுப்பால் டீ, இரண்டு கப். கண்டியில் கிடைக்காத ஒன்று.

எனக்கே தெளிவாக வேண்டும் என்பதற்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் ஆராய்வது பேயத்தி மரம். அதில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று. அதே சொரசொர இலை, அடிமரத்திலிருந்து தொங்கும் அதே காய்க்கொத்து. காயை அறுத்தால்தான் தெரியும். ஆண் மரத்துக் காய்க்குள் பொடிக் குளவிகள். பெண் மரத்துக் காய்க்குள் விதை. என் கேள்வி ஒன்றே ஒன்று: எந்த மரம் அதிகம் இலையை இழக்கிறது? மற்ற நாடுகளில் மற்றச் செடிகளைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஆண் என்கிறார்கள். என் மரங்களில் பெண். அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. அதுதான் மூன்றாம் அத்தியாயம். அதை நம்பித்தான் பட்டம்.

இருபது ஆண், இருபது பெண். போன வருடம் கிளைகளில் நாடா கட்டி எண் எழுதினேன். ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்கு நீலம். சிவப்பைத்தான் எல்லோரும் பெண் என்று நினைப்பார்கள், ஆகவே வேண்டுமென்றே மாற்றிக் கட்டினேன். மாதா மாதம் இலை எண்ணுகிற ராசாத்தி அக்காவுக்குக்கூட எது ஆண், எது பெண் என்று சொல்லவில்லை. தெரிந்தால் கை தன்னையறியாமல் கூட்டிக் குறைத்து எழுதும். நான் கண்டியில் இருந்த மாதங்களில் அவள் அனுப்பிய எண்களைத்தான் அட்டவணையில் போட்டேன். மீதி இலை எத்தனை என்று மட்டும். எது தின்றது என்று படிவத்தில் இடமே இல்லை. அது என் பிழை.

இன்று நாற்பதும் பார்த்தேன். அரிவாள் பட்டவை பதினான்கு. பழைய வெட்டு, ஆறிய தழும்பு எல்லாம் சேர்த்து.

பதினான்கும் பெண்.

மறுபடி போய் எண்ணினேன். பதினான்கும் பெண். ஆண் மரம் ஒன்றில்கூடக் கத்தி படவில்லை.

காயை அறுக்காமல் தெரியாத ஒரு விஷயம் அரிவாளுக்கு எப்படித் தெரிந்தது?

நிறத்தின் அர்த்தம் தெரிந்தவர்கள்: 1. நான். 2. பே. 3. என் பச்சை நோட்டின் கடைசிப் பக்கம்.

மூன்றாவதை யாரோ படித்திருக்கிறார்கள்.

ஜூன் 6, வெள்ளி

நேற்று முழுக்கத் தலைவலி. எழுதவில்லை.

இன்று பின்னேரம் ராசாத்தி அக்காவோடு (ரா.அ.) போனேன். அடுத்த காம்பரா. காலையில் கொழுந்து, பின்னேரம் எனக்காக இலை எண்ணுவாள். நான் தவழ்ந்து திரிந்த காலத்திலிருந்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவளைச் சந்தேகப்பட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் நோட்டு வீட்டில் இருக்கிற நாட்களில் அவள் அம்மாவிடம் வந்து போகிறவள்.

சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"இந்த மரத்த யாராச்சும் வெட்டுறாங்களா அக்கா?"

"தழ அறுப்பாங்க பாப்பா. ஆளுங்க எல்லாம் அறுக்குறதுதானே."

"எல்லா மரத்துலயுமா?"

"அதெப்படி எல்லா மரத்துலயும் அறுப்பாங்க?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மேலே கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று பேச்சை மாற்றினேன்.

இன்னொன்று. ஐந்தாம் மரத்துக்கு வந்ததும் மடியிலிருந்து ஒரு ஷொப்பிங் பையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். கிட்டே போகாமல், ஓர் எட்டுத் தள்ளி நின்று, வாய்க்குள் எண்ணினாள். பதினேழுக்கு வந்ததும் பையைக் கழற்றிவிட்டாள். அட்டைக்குப் பயம் போல. ஆனால் முப்பது வருடம் கொழுந்து பறித்தவளுக்கு என்ன அட்டைப் பயம்? குறித்து வைக்கிறேன்.

திரும்பும்போது பாதையில் கண்டாக்கு. தோட்டத்து வேலையை மேற்பார்க்கிறவர், சைக்கிள் தள்ளிக்கொண்டு. "என்னா மிஸ், மரத்துக்கெல்லாம் நாடா கட்டி அலங்காரம் பண்ணியிருக்கீங்க. எது மாப்புள, எது பொண்ணு?"

நான் ஆண் மரம் பெண் மரம் படிப்பது தோட்டத்துக்கே தெரியும், சரி. ஆனால் அந்தக் கேள்வியை இன்றைக்கு ஏன் கேட்டார்? சிரித்து மழுப்பினேன். இந்த "மிஸ்" எனக்குப் பிடிக்காத சொல். தள்ளி நிற்கிறவர்கள் பேசுகிற சொல்.

வீட்டுக்கு வந்ததும் பச்சை நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். கடைசிப் பக்கத்துக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு தலைமுடி. யாராவது திறந்தால் விழும்.

ஜூன் 8, ஞாயிறு

முடி அப்படியே இருக்கிறது. ஆனாலும் திருப்தி இல்லை. முடியைத் திரும்ப வைக்கத் தெரிந்தவளாகவும் இருக்கலாம்.

ருவந்தி ஞாபகம் வந்தாள். என்னோடு ஒரே துறையில் ஆய்வு செய்கிறவள். பெப்ரவரியில் ஒரு நாள் வந்தாள், ஊர் பார்க்க என்று. நாற்பது மரத்தையும் போனில் படம் எடுத்தாள். அம்மா கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டே சிங்களத்தில் கேட்டாள், சிவப்பு என்றால் பெண்தானே என்று. நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எனக்கே பெருமை. இன்று யோசித்தால், அவள் என்னைச் சோதிக்கத்தான் கேட்டாளோ?

கண்டியிலிருந்து ஆள் அனுப்பி இங்கே தழை வெட்டுவிப்பாளா? பைத்தியக்காரத்தனம். தெரிகிறது. எழுதினால் தெரிகிறது, எழுதாவிட்டால் தெரிவதில்லை.

பின்னேரம் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். நான்கு பெண்கள். பேச்சு நடந்துகொண்டிருந்தது. காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"மேல நல்லது பூராவும் முடிஞ்சிருச்சு."

"கீழ ஓடையோரம் இன்னும் ரெண்டு இருக்கு."

என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள். "வா பாப்பா, நீ மொதல்ல புடி." மரியாதையெல்லாம் குறையில்லை. மேலே எது முடிந்தது? கீழே எந்த இரண்டு? முப்பத்து மூன்றும் முப்பத்து நான்கும் ஓடையோரம்தான். இரண்டும் பெண்.

ஆக ஒருத்தியில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

பௌர்ணமி விடுமுறை, வேலை இல்லாத நாள். கீழே பௌத்தப் பன்சலையிலிருந்து ஒலிபெருக்கி. லயத்தில் எல்லோரும் உள்ளே.

நல்ல சந்தர்ப்பம். நடுப்பகலில் தனியாகப் போய் நாலு மரத்தில் நாடாவை மாற்றினேன்.

17, 22 – பெண். நீலத்தை அவிழ்த்துச் சிவப்பு.
5, 31 – ஆண். சிவப்பை அவிழ்த்து நீலம்.

நோட்டைப் படித்து எண் பார்த்து வெட்டுகிறவர்கள் என்றால் மறுபடியும் 17, 22இல்தான் கை வைப்பார்கள். நிறத்தை மட்டும் பார்க்கிறவர்கள் என்றால் 5, 31. பொறி என்றால் பொறி. இத்தனை நாளில் நான் செய்த ஒரே ஒழுங்கான பரிசோதனை இதுதான் என்று தோன்றியது. இறங்கி வரும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது.

அம்மா கேட்டாள், "போயாவும் அதுவுமா எங்க போய்ட்டு வர்ற?"

"சும்மா."

ஜூன் 12, வியாழன்

நேற்றும் இன்றும் பிளேன்டீ. பால் இல்லையா என்றேன். "இல்ல" என்றாள் அம்மா. ஆடு இருக்கிறது, பால் இல்லை. காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொட்டில் லயத்துக்குப் பின்னால் கீழே. அந்த வாடை எனக்கு ஆகாது, அந்தப் பக்கம் போவதில்லை.

ரா.அ. இரண்டு நாளாக எண்ண வரவில்லை. அடுத்த காம்பரா பூட்டு. அம்மாவிடம் கேட்டால், "சின்னதுக்குச் சொகமில்ல" என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல். ரா.அ.வின் கடைசிப் பெண், நாலு வயது, செவ்வாய்க்கிழமைகூட வாசலில் குதித்துக்கொண்டிருந்தாள்.

பீலியில் நான் போனதும் பேச்சு நின்றது. இந்தத் தடவை "வா பாப்பா" இல்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள்.

நாடாவை மாற்றியது தெரிந்துவிட்டது. மறைக்க ஏதோ இருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் இந்த மௌனம்?

அம்மாவும் இதில் கூட்டா?

இதை எழுதியிருக்கக் கூடாது. ஆனால் எழுதியாயிற்று.

ஜூன் 13, வெள்ளி

போய்ப் பார்த்தேன்.

17 – புதிய வெட்டு ஒன்று, வாடிவிட்டது. நான் நாடா மாற்றுவதற்கு முன் வெட்டியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.
22 – ஒன்றும் இல்லை.
5 – வெட்டு, இரண்டு கொப்பு. பால் இன்னும் வடிகிறது.
31 – வெட்டு, ஒரு கொப்பு.

ஆண் மரத்தில் முதல் தடவையாக அரிவாள். ஆக யாருக்கும் ஆண் பெண் தெரியாது. நோட்டை யாரும் தொடவில்லை. ருவந்தி பாவம். நீலத்தைப் பார்த்து வெட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் நீலம்? தொழிற்சங்கக் கொடியா? ஏதாவது நேர்த்திக்கடனா? சிவப்பு அம்மன் நிறம் என்று பயமா? எதுவும் பொருந்தவில்லை.

பே. வட்ஸ்அப்: "அட்டவணை?" பதில் போடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பிளேன்டீ. மழை தூறல்.

இரண்டு மணிக்கே போய்ப் பதினேழாம் மரத்துக்கு மேலே, ஈரப்பலாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மடியில் உப்பு முடிச்சு. இரண்டரை. மூன்று. அட்டை ஏழு. முதலில் கோபம், அப்புறம் பசி.

மூன்றே முக்காலுக்கு ஓடைப் பாதையில் இரண்டு பேர், தலையில் பொலித்தீன் போட்டுக்கொண்டு. முன்னால் ராசாத்தி அக்கா. பின்னால், இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கையில் அரிவாளோடு, அம்மா.

பதினேழுக்கு வந்ததும் அம்மா பழக்கத்தில் கிளையை வளைத்தாள். நாடாவைப் பார்த்தாள். சட்டென்று கையை விட்டுவிட்டுப் படங்கில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

"இது மாத்திட்டால்ல. மறந்தே போச்சு."

"கைய ஓடையில கழுவுங்கக்கா," என்றாள் ராசாத்தி அக்கா.

அம்மா ஓடைக்கு இறங்கிச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். மடியில் சவர்க்காரம் வைத்திருந்தாள். பிறகு இரண்டு பேரும் முப்பத்தொன்றுக்குப் போய் நீல நாடா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறுத்தார்கள்.

நான் வெளியே வரவில்லை. அவர்கள் போன பிறகு சுற்றுப்பாதையால் இறங்கினேன். நேராக ஆட்டுக்கொட்டில். தொங்குகிற கட்டு முழுக்கப் பேயத்தித் தழை. வாசற்படியிலிருந்து முப்பது எட்டு. பதினைந்து வருடம் தாவரவியல் படித்தவள் இந்த முப்பது எட்டை நடந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

அம்மா வந்தாள். கேட்டேன், கடைசியில்.

"ஏம்மா நீலத்துல மட்டும் அறுக்குற?"

இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள். "செவப்பு மருந்து பட்டதுதானே."

உட்கார்ந்துவிட்டேன்.

புல்லைக் கொல்ல மருந்து அடித்த மலையில் சிவப்புத் துணி கட்டுவார்கள். துணி இருக்கும்வரை யாரும் இறங்கக்கூடாது, புல்லறுக்கக்கூடாது. இங்கே பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். ஆறு வயதில் சிவப்புத் துணி கட்டிய மலைக்குள் பந்தெடுக்கப் போனதற்கு இதே அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். கினிகத்தேனைக் கடையில் நாடா வாங்கும்போது அது எனக்கு ஞாபகம் வரவில்லை. யார் எப்படி ஏமாறுவார்கள் என்பதுதான் யோசனையாக இருந்தது.

அம்மா சொல்லிக்கொண்டே போனாள், தழையை அவிழ்த்தபடி. "மருந்துப் புல்லத் தின்னு வெள்ளச்சி செத்ததுல இருந்து தழைக்கே பயமாக் கெடந்துச்சு. நீ வந்து நாடா கட்டுனதும்தான் நிம்மதி. மேல அடிக்கிற மருந்து மழையில ஓடைக்கு எறங்குதுல்ல. என் மக படிச்ச புள்ள, எதுல பட்டிருக்கு, எது நல்லதுன்னு பாத்துப் பாத்துக் கட்டியிருக்கா, நீலம் பாத்து அறுங்கன்னு லயத்துல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"நான் அப்படிச் சொன்னேனாம்மா?"

"நீ எதத்தான் சொல்ற?"



"வந்தன்னிக்கே சொன்னேனே, நீ கட்டுன மரத்துத் தழ ஆட்டுக்கு நல்லா ஒத்துக்குதுன்னு. நீ போன்ல இருந்த."

பால் ஏன் இல்லை என்று கேட்டேன். தழைக் கட்டைக் கீழே வைத்தாள்.

"திங்கக்கெழம பதினேழுல அறுத்துப் போட்டோம். புதங்கெழம பாத்தா செவப்பு கட்டியிருக்கு. பகீர்னு ஆயிருச்சு. அந்தப் பால ராசாத்தி சின்னதுக்குக் காச்சிக் குடுத்திருந்தா. தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனா. ரெண்டு நாளு வச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. அன்னிலருந்து கறந்து கறந்து கொட்டுறேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"பதினேழுல மருந்து பட்டத நீ பிந்திப் பாத்துட்டன்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிருவ. படிக்கிற புள்ள. எல்லாரும் பேசித்தான் வாய மூடிக்கிட்டோம்."

சிவப்பு என்றால் ஆண், அவ்வளவுதான், மருந்தெல்லாம் இல்லை என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேலே வந்து படுத்துவிட்டேன். அவமானம். ஒரு வாரமாக இவர்களை நான் என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் படித்தேன்.

ஜூன் 16, திங்கள்

எண்ணிப் பார்த்த வழிகள்:

1. அரிவாள் பட்ட மரங்களை மட்டும் நீக்கிவிட்டு மீதியை வைத்து எழுதுவது.
2. "மனிதர்களாலும் ஓரளவு" என்று அடிக்குறிப்பில் ஒரு வரி.
3. ஒன்றும் சொல்லாமல் அட்டவணையை அனுப்புவது. யாருக்குத் தெரியப்போகிறது? எனக்கும் ஒரு லயத்துக்கும் இரண்டு ஆட்டுக்கும் தவிர.

மூன்றாவதோடு ஒரு மணி நேரம் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஒரு மணி நேரம்.

முதலாவதும் நடக்காது. ராசாத்தி அக்கா வந்திருந்தாள். மெதுவாகக் கேட்டேன், அந்த ஷொப்பிங் பை எதற்கென்று. "செவப்பு மரத்த எண்ணும்போதுதான் பாப்பா. கிட்டப் போக பயம். தூர நின்னு குத்துமதிப்பா எண்ணிருவேன்." ஆக இருபது ஆண் மரமும் குத்துமதிப்பு. அந்தப் பயத்தோடு மாதா மாதம் ஏறியிருக்கிறாள், எனக்காக.

அவளிடமும் இன்று உண்மையைச் சொல்லவில்லை. குழந்தை எப்படி என்று மட்டும் கேட்டேன். "குதிக்குது" என்றாள்.

மாலை பே.க்குப் போன். எல்லாம் சொன்னேன்.  லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப மூண்டாம் அத்தியாயம்?"

"இல்லை சேர்."

"அந்த வெட்டின மரங்களை எடுத்துப்போட்டுப் பார்க்கேலாதோ?"

"பார்த்தேன் சேர். எண்ணினதே சரியில்லை."

 "சரி. புதுசா ஒரு வருசம் எண்ண வேணும். நான் எழுதிக் குடுக்கிறன். நீர் நாடா எதுக்குக் கலர் மாத்திக் கட்டினனீர்?"

"யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று."

"ஆர் கண்டுபிடிக்கப் போகினம், பிள்ளை?" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

வெயில். வந்த நாளிலிருந்து முதல் வெயில்.

காலையிலேயே போய் நாற்பது நாடாவையும் அவிழ்த்தேன். வேருக்குப் பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், எண் அடித்த சின்னத் தகடு. நிறம் எதுவும் இல்லை.

பின்னேரம் பீலிக்கரை. அம்மா, ராசாத்தி அக்கா, இன்னும் ஐந்து பேர். சொன்னேன். சிவப்பு ஆண் மரம். நீலம் பெண் மரம். மருந்து எதிலும் பார்க்கவில்லை, பார்க்கவும் எனக்குத் தெரியாது.

ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். "அடி ஆத்தி, பொம்பள மரமாப் பாத்து அறுத்திருக்கோமா?" மற்றவர்களும் கொஞ்சம் சிரித்தார்கள். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ராசாத்தி அக்கா சிரிக்கவில்லை. "அப்ப பதினேழுக்கு ஏன் செவப்பு மாத்துன?"

"யாரு வெட்டுறாங்கன்னு கண்டுபிடிக்க."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எங்ககிட்ட கேட்டிருக்கலாமே," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அந்த நாலு வயது அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால்.

அம்மாவோடு வீட்டுக்கு வந்தேன். அடுப்பு மூட்டிவிட்டுச் சொன்னாள், "அப்ப அந்தப் பாலக் கொட்டியிருக்க வேணாம்."

ஜூன் 18, புதன்

மறுபடி மழை. ஆட்டுப்பால் டீ. குடித்தேன்.

விடியற்காலையில் பெண்கள் மேல் மலையைத் தாண்டிப் போனார்கள், காட்டோரம் புல்லறுக்க. சுற்று. அரை மணி நேரம் கூட நடக்க வேண்டும். நான் தடுக்கவில்லை, நாற்பதை விட்டுவிட்டு மற்ற மரங்களில் அறுக்கலாம் என்று மட்டும் சொன்னேன். சரி என்றார்கள். எந்த மரத்திலும் அறுக்கவில்லை.

ராசாத்தி அக்கா இனி வரமாட்டாள் என்று நினைத்துத் தனியாகக் கிளம்பினேன். ஓடைப் பாலத்தில் நின்றிருந்தாள். கையில் பை இல்லை. புதுப் படிவத்தை வாங்கினாள், பென்சிலை நாக்கில் தொட்டாள், தேதி போட்டாள். எது தின்றது என்று நான் புதிதாகச் சேர்த்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மரத்துக்குக் கிட்டே, இலை முகத்தில் படுகிற தூரத்தில் போய் நின்றாள்.

"எத்தனாவது மரம் இது, மிஸ்?"

பதினேழு, என்றேன்.